சீயஸின் முகத்தை யார் முடிவு செய்தது? கிரேக்கக் கடவுளரின் தோற்றம்: ஒரு விளக்கம்

கிரேக்கத் தொன்மங்களை வைத்து ஒரு படமோ தொடரோ கணினி விளையாட்டோ வெளிவரும்போதெல்லாம் ஒரே வாக்குவாதம் கிளம்புகிறது. கடவுளரின் அரசன் சீயஸ் இப்படியா இருப்பான்? அதீனாவுக்குக் கறுத்த முடி எப்படி வந்தது? அப்பல்லோ பொன்முடிக்காரன் இல்லையா? 2018இல் பிபிசியும் நெட்ஃபிளிக்ஸும் சேர்ந்து தயாரித்த டிராய் போர்த் தொடரில் சீயஸாகவும் அக்கிலிஸாகவும் கறுப்பின நடிகர்கள் நடித்தபோது இந்த வாக்குவாதம் உச்சத்துக்குப் போனது. எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் "மூலத்தில் என்ன இருக்கிறது" என்றே கேட்டார்கள்.

அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் மூலம் என்ற ஒன்று ஒருமையில் இல்லை. கிரேக்கர்கள் தங்கள் கடவுளரை ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகப் பாடினார்கள், வரைந்தார்கள், வார்த்தார்கள், செதுக்கினார்கள். அந்த நெடுங்காலத்தில் ஒரு கடவுளின் வயதும் தாடியும் உடையும் முடியின் நிறமும் மாறின. மாறாமல் நின்றவை வேறு சில. அவை எவை என்று தெரிந்தால் குழப்பத்தில் பெரும்பகுதி விலகும்.

1. விதி எழுதி வைத்தவர் யாரும் இல்லை

கிரேக்க மதத்துக்கு வேதநூல் கிடையாது. எல்லாக் கோயில்களுக்கும் மேலே நின்று கட்டளையிடும் குருபீடமும் கிடையாது. ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, சாமோஸ், கொரிந்த் என ஒவ்வொரு நகரமும் தன் கோயிலையும் திருவிழாவையும் பூசாரியையும் தானே பார்த்துக்கொண்டது. ஒரு சிற்பி சீயஸுக்குத் தாடி வைக்காமல் விட்டால் அதைத் தவறென்று தண்டிக்கும் அமைப்பு எதுவும் இல்லை.

கி.மு. 5ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இதை ஓரளவு வெளிப்படையாகவே சொல்கிறார். கடவுளருக்குப் பட்டப்பெயர்களைக் கொடுத்ததும், யாருக்கு எந்தப் பொறுப்பு என்று பிரித்ததும், அவர்கள் எப்படி இருப்பார்கள் என்று காட்டியதும் ஹோமரும் ஹீசியடும்தான் என்பது அவர் கருத்து. அந்த இருவரும் தமக்கு 400 ஆண்டுகளுக்கு மேல் முந்தையவர்கள் அல்லர் என்றும் சேர்த்துச் சொல்கிறார். கடவுளரின் உருவம் கவிஞர்கள் தந்தது என்பதை அந்தச் சமூகத்தின் அறிவாளி ஒருவர் அன்றே எழுதிவைத்திருக்கிறார்.

நமக்கு இன்று கிடைக்கும் சான்றுகள் மூன்று வகை:

1. கவிதைகள்: ஹோமரின் காவியங்களான இலியட், ஒடிசி, ஹோமரின் பெயரில் வழங்கும் துதிப்பாடல்கள், பின்னால் வந்த பிண்டார், யூரிபிடிஸ் போன்றோரின் படைப்புகள்.
2. கலைப்பொருட்கள்: மட்கலங்களில் தீட்டிய ஓவியங்கள், நாணயங்கள், பளிங்கு மற்றும் வெண்கலச் சிலைகள்.
3. கருவறை உருவங்கள்: மக்கள் உண்மையில் வணங்கியவை. இவற்றில் மிகப் பல அழிந்துவிட்டன. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கம் முழுதும் பயணம் செய்த பௌசானியஸின் குறிப்புகள் வழியாகவே பலவற்றை அறிகிறோம்.

இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

2. ஹோமர் காட்டுவதும் காட்டாததும்

இலியட்டைப் படிக்காதவர்கள் அதில் சீயஸைப் பற்றிய நீண்ட வருணனை இருக்கும் என்று நினைப்பார்கள். அப்படி ஒன்று இல்லை. முதல் காண்டத்தில் கடல்தேவதை தெத்திஸ் வந்து வேண்டுகிறாள். சீயஸ் தன் கருநீலப் புருவங்களைத் தாழ்த்தித் தலையசைக்கிறான். அவன் தலைமுடி முன்னே சரிகிறது. ஒலிம்பஸ் மலை அதிர்கிறது. அவ்வளவுதான். மூக்கு எப்படி, உயரம் எவ்வளவு, உடை என்ன என்று ஒரு சொல்லும் இல்லை.

ஆனால் அந்த மூன்று வரிகளின் வலிமையைப் பாருங்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஒலிம்பியாக் கோயிலுக்கான பெருஞ்சிலையைச் செய்த ஃபிடியாஸிடம், எதை மாதிரியாக வைத்துச் செய்யப்போகிறாய் என்று கேட்டபோது, அவர் இந்த வரிகளையே பதிலாகச் சொன்னார் என்று பண்டைப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். புருவமும் முடியும் மட்டும் உள்ள வருணனையிலிருந்து சுமார் 12 மீட்டர் உயரச் சிலை எழுந்தது. மற்றதெல்லாம் சிற்பியின் கற்பனை.

மற்றக் கடவுளருக்கும் ஹோமர் தருவது பெரும்பாலும் ஒற்றை அடைமொழிதான். சீயஸின் மனைவி ஹீராவுக்கு வெண்மையான கைகளும் பசுவின் கண்களைப் போன்ற பெரிய கண்களும். கடற்கடவுள் பொசைடனுக்குக் கருநீல முடி. அதீனாவுக்குப் பளிச்சிடும் கண்கள். தெத்திஸுக்கு வெள்ளிப் பாதங்கள். வைகறைத் தேவி ஈயோஸுக்கு ரோஜா நிற விரல்கள். அப்பல்லோவுக்கு வெட்டப்படாத நீண்ட முடி. விளைச்சல் தேவி டிமீட்டரின் முடி விளைந்த கதிரைப் போல மஞ்சள். இவை யாப்புக்குள் பொருந்தி உட்காரும்படி வாய்மொழிப் பாடகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட சொற்றொடர்கள். முழு உருவத்தை வருணிப்பது அவற்றின் வேலை அல்ல.

ஹோமர் உண்மையாகவே நின்று நிதானித்து உடலை வருணிக்கும் கடவுள் ஒருவன் உண்டு: கொல்லன் ஹெஃபெஸ்டஸ். இலியட்டின் 18ஆம் காண்டத்தில் அவன் உலைக்களத்திலிருந்து எழுந்து வருகிறான். பெரிய உடல், தடித்த கழுத்து, ரோமம் அடர்ந்த மார்பு. கீழே மெலிந்த கால்கள் தடுமாறுகின்றன. முகத்திலும் கைகளிலும் படிந்த வியர்வையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டு, கோலை ஊன்றி நடக்கிறான். அவன் பொன்னால் செய்த பணிப்பெண்கள் இருபுறமும் தாங்கி வருகிறார்கள். கை, நெஞ்சு, கழுத்து எல்லாம் சம்மட்டி அடித்து வளர்ந்தவை. முதல் காண்டத்தில் அவன் நொண்டிக்கொண்டே நெக்டார் என்னும் தேவபானம் பரிமாறுவதைப் பார்த்துக் கடவுளர் சிரிக்கிறார்கள். ஆனால் அக்கிலிஸின் கேடயத்தைச் செய்யும்போது அதே உடல் உலகம் முழுவதையும் ஒரு வட்டத் தகட்டுக்குள் படைத்துக் காட்டுகிறது. ஹோமர் எழுதிய மிக மனிதத்தனமான பகுதிகளில் இது ஒன்று.

அழகே கடவுளரின் இலக்கணம் என்றிருந்த உலகில் இந்த உடலை என்ன செய்வது என்று கலைஞர்களும் தடுமாறினார்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டு மட்கலங்கள் சிலவற்றில் அவன் பாதம் பின்பக்கம் திரும்பியிருப்பதாகவே தீட்டினார்கள். பிற்பாடு அல்கமினிஸ் என்ற சிற்பி ஏதென்ஸில் செய்த ஹெஃபெஸ்டஸ் உடுத்தி நிற்பவன். நொண்டுவது லேசாகத் தெரிந்தாலும் அது விகாரமாக இல்லை என்று ரோமானிய எழுத்தாளர் சிசரோ பாராட்டுகிறார். கடவுள் அதே கடவுள்தான். அவன் ஊனத்தை எவ்வளவு காட்டலாம் என்பதைக் காலம் முடிவு செய்தது.

3. கடவுள் உடலுக்கு உள்ள தனித்தன்மைகள்

முக அமைப்பைப் பற்றி இவ்வளவு சிக்கனமாக இருக்கும் கவிஞர்கள், கடவுள் உடல் மனித உடலிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதில் மட்டும் மிகத் தெளிவாக இருக்கிறார்கள். மாறாமல் நின்றவை என்று மேலே சொன்னவற்றில் முதலாவது இதுதான்.

1. அளவும் எடையும். இலியட்டில் போர்க்கடவுள் அரீஸ் போர்க்களத்தில் விழும்போது ஏழு பிளெத்ரன் நிலத்தை மறைக்கிறான். ஒரு பிளெத்ரன் ஏறக்குறைய 30 மீட்டர் என்பதால் 200 மீட்டருக்கும் மேல் நீளும் உடல் அது. அவன் காயம்பட்டு அலறும்போது ஒன்பதாயிரம், பத்தாயிரம் வீரர்கள் ஒரே நேரத்தில் கத்துவது போல் கேட்கிறது. அதீனா மனிதனின் தேரில் ஏறியதும் அச்சு முனகுகிறது. ஆயினும் இதே அரீஸ் வேறு இடங்களில் சாதாரண வீரர்களோடு தோளுக்குத் தோள் நின்று சண்டையிடுகிறான். ஆகவே அளவும் நிலையானதல்ல. கடவுள் தன் ஆற்றலை எவ்வளவு வெளிக்காட்டுகிறானோ அவ்வளவு பெரியவன்.

2. ஒளி. டிமீட்டருக்கான துதிப்பாடலில் அவள் கிழவி வேடத்தில் எலியுசிஸ் அரண்மனைக்கு வருகிறாள். வாசற்படியில் கால் வைத்த கணத்தில் அவள் தலை உத்தரத்தைத் தொடுகிறது. கதவு ஒளியால் நிறைகிறது. பிறகு வேடத்தைக் களையும்போது மூப்பு உதிர்கிறது, தோலிலிருந்து ஒளி கிளம்புகிறது, மஞ்சள் முடி தோளில் புரள்கிறது, மின்னல் வெட்டியதைப் போல வீடு நிறைகிறது.

3. மணம். அதே காட்சியில் அவள் ஆடையிலிருந்து நறுமணம் பரவுகிறது. ஹீரா தன்னை அலங்கரிக்கும்போது அவள் பூசும் எண்ணெயின் வாசம் விண்ணையும் மண்ணையும் எட்டுகிறது. யூரிபிடிஸின் நாடகத்தில் சாகக் கிடக்கும் ஹிப்பொலிட்டஸ், ஆர்ட்டெமிஸ் அருகில் வந்திருப்பதை மணத்தால்தான் உணர்கிறான்.

4. இரத்தம் இல்லாமை. கிரேக்க வீரன் டயோமிடிஸின் ஈட்டி காதல் தெய்வம் அஃப்ரொடைட்டியின் மணிக்கட்டில் கீறும்போது வழிவது இரத்தமல்ல, இக்கோர் என்னும் திரவம். கடவுளர் தானிய உணவு உண்பதில்லை, மது அருந்துவதில்லை, அதனால் அவர்களுக்கு இரத்தம் இல்லை என்று ஹோமர் காரணமும் சொல்கிறார்.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். கிரேக்கர்கள் "மனித வடிவக் கடவுள்" என்று கற்பனை செய்தது, தசை முறுக்கேறிய அழகான மனிதனை அல்ல. மனித வடிவத்துக்குள் அடங்காத ஒன்று அந்த வடிவத்தை எடுத்து நிற்பதைத்தான். சீயஸ் காதலித்த மானிடப் பெண் செமெலியின் கதை இதையே சொல்கிறது. சீயஸை அவன் உண்மையான தோற்றத்தில் பார்க்க வேண்டும் என்று அவள் அடம்பிடித்தாள். அவன் இடியும் மின்னலுமாக வந்தான். அவள் எரிந்து சாம்பலானாள்.

4. மாறுவேடத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

கடவுளர் பெரும்பாலும் வேடத்தில்தான் வருகிறார்கள். ஒடிசியில் அதீனா மட்டுமே மெண்டிஸ் என்னும் நண்பனாகவும், மெண்டராகவும், இளம் இடையனாகவும், உயரமான அழகிய பெண்ணாகவும் வருகிறாள். பறவையாகப் பறந்தும் போகிறாள். ஆண் வேடம், பெண் வேடம், முதுமை, இளமை எதுவும் தடையில்லை. இதில் "அதீனாவின் உண்மையான தோற்றம்" எது?

வேடத்துக்குள் ஏதோ ஒன்று கசிந்துகொண்டே இருக்கும் என்பது கவிஞர்களின் விதி. கம்பளி நூற்கும் கிழவியாக வந்த அஃப்ரொடைட்டியை அவள் அழகிய கழுத்தாலும் மின்னும் கண்களாலும் ஹெலன் கண்டுகொள்கிறாள். பொசைடன் திரும்பிப் போகும்போது பின்னாலிருந்து அவன் கால்களின் அசைவைப் பார்த்தே ஒரு வீரன் இவன் கடவுள் என்கிறான். பார்க்கும் உரிமையும் எல்லோருக்கும் இல்லை. ஒடிசியின் 16ஆம் காண்டத்தில் அதீனா குடிசை வாசலில் நிற்கிறாள். காவிய நாயகன் ஒடிசியஸ் பார்க்கிறான். பக்கத்திலிருக்கும் மகன் டெலிமேக்கஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நாய்கள் பார்த்துவிட்டு, குரைக்காமல் முனகிக்கொண்டே ஒதுங்குகின்றன.

5. ஓவியரும் சிற்பியும் கண்டுபிடித்த வழி

பாடகர் "இவன் சீயஸ்" என்று சொல்லிவிடலாம். வாய் பேசாத சிலை என்ன செய்யும்? தொடக்க காலத்து ஓவியர்கள் சிலர் பெயரையே எழுதிவிட்டார்கள். கி.மு. 570 வாக்கில் செய்யப்பட்டு இன்று ஃபிளாரன்ஸில் இருக்கும் ஃபிரான்சுவா கலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்ப் பொறிப்புகள் உள்ளன. ஆனால் நிலைத்த வழி வேறு. கையில் என்ன இருக்கிறது, பக்கத்தில் என்ன நிற்கிறது என்பதே கடவுளின் பெயர்ப்பலகை ஆனது. முகமும் வயதும் எப்படி மாறினாலும் இந்த அடையாளப் பொருள்கள் மாறவில்லை. மாறாமல் நின்றவற்றில் இது இரண்டாவது. சீயஸுக்கு இடிப்படை, கழுகு. பொசைடனுக்குத் திரிசூலம். அதீனாவுக்குத் தலைக்கவசம், மெடூசாவின் தலை பதித்த மார்புக் கவசம், ஆந்தை. ஹெர்மிஸுக்குப் பாம்புகள் பின்னிய கோல், சிறகுக் காலணி. அப்பல்லோவுக்கு வில்லும் யாழும். மதுக்கடவுள் டயோனிசஸுக்குத் திராட்சைக்கொடி, மதுக்கிண்ணம்.

இந்த அடையாளங்கள் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் ஒரு சான்று நிற்கிறது. ஆர்ட்டெமிசியன் முனைக்கு அருகே கடலுக்கடியிலிருந்து 1926லும் 1928லும் பகுதி பகுதியாக எடுக்கப்பட்ட வெண்கலச் சிலை அது. கி.மு. 460ஐ ஒட்டிய காலம், 2.09 மீட்டர் உயரம். கைகளை அகல விரித்து, வலக்கையில் எதையோ எறியும் நிலையில் நிற்கிறான். எறியும் ஆயுதம் மட்டும் கிடைக்கவில்லை. அது இடிப்படை என்றால் இவன் சீயஸ். திரிசூலம் என்றால் பொசைடன். திரிசூலத்தின் நீண்ட தண்டு முகத்தைக் குறுக்கே மறைத்திருக்கும் என்பதால் பலர் சீயஸ் பக்கம் சாய்கிறார்கள். கிரேக்க வெண்கலச் சிற்பத்தின் தலைசிறந்த முகங்களில் ஒன்று நம் கண்முன் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அவன் யார் என்று சொல்ல முடியவில்லை. "சீயஸின் முகம்" என்று ஒன்று கிரேக்கர்களிடம் இருந்திருந்தால் இந்த விவாதமே எழுந்திருக்காது.

6. இளமைக்குத் திரும்பிய கடவுளர்

டயோனிசஸை எடுத்துக்கொள்வோம். கி.மு. 6ஆம் நூற்றாண்டு மட்கலங்களில் அவன் நீண்ட தாடியும் கணுக்கால் வரை ஆடையும் கொண்ட முதிர்ந்த ஆண். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தாடி போய்விடுகிறது. மெல்லிய உடலும் சுருண்ட முடியும் உள்ள இளைஞன் வருகிறான். கி.மு. 405இல் மேடையேறிய யூரிபிடிஸின் நாடகம் அவனை வெளிறிய தோலும் நீண்ட சுருள்முடியும் கொண்டவனாகக் காட்டுகிறது. வெயில் படாத தோல், மல்யுத்தம் செய்யாதவனின் முடி என்று மன்னன் பெந்தியஸ் அவனைக் கேலி செய்கிறான். ஹெர்மிஸும் இப்படித்தான்: பழைய ஓவியங்களில் தாடிக்காரன், பின்னர் உடற்பயிற்சிக் கூடத்து இளைஞன். ஹோமரோ அவனை மீசை அரும்பும் வயதினனாக அதற்கு முன்பே பாடியிருந்தார். கவிதை ஒரு வயதைச் சொல்ல, கலை வேறு வயதைக் காட்டியது. அதனால் யாருக்கும் குழப்பம் வந்ததாகத் தெரியவில்லை.

பெண் தெய்வங்களில் பெரிய திருப்பம் அஃப்ரொடைட்டிக்கு நேர்ந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெருஞ்சிலைகளில் அவள் ஆடையுடன்தான் இருந்தாள். பிராக்சிடிலிஸ் இரண்டு சிலைகள் செய்தார், ஒன்று உடுத்தியது, இன்னொன்று ஆடையற்றது. கோஸ் தீவினர் கண்ணியம் கருதி உடுத்திய சிலையை வாங்கினார்கள். மற்றதை நிடோஸ் நகரம் வாங்கியது. அதைப் பார்ப்பதற்கென்றே மக்கள் கடல் கடந்து வந்தார்கள் என்றும், அந்த நகரத்தின் கடன் முழுவதையும் தீர்க்கிறேன், சிலையைத் தா என்று ஒரு மன்னன் கேட்டும் மறுத்துவிட்டார்கள் என்றும் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். இன்று "அஃப்ரொடைட்டி" என்றதும் மனதில் எழும் வடிவம் இந்த ஒரு விற்பனையின் தொடர்ச்சி. ஸ்பார்ட்டாவில் இதே தெய்வத்துக்கு ஆயுதம் தாங்கிய மரச்சிலை இருந்தது என்பதைப் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

7. முகமே இல்லாத தெய்வங்கள்

மிகுந்த பக்தியோடு வணங்கப்பட்ட உருவங்கள் பல, அழகான சிலைகளே அல்ல. இதை ஏற்றுக்கொள்வது நமக்குக் கடினம், ஏனெனில் அருங்காட்சியகங்களில் இவை இல்லை.

ஏதென்ஸ் நகரில் உலகறிந்த அதீனா சிலை பார்த்தனான் கோயிலில் இருந்தது: பொன்னும் தந்தமும் போர்த்தி ஃபிடியாஸ் செய்து கி.மு. 438இல் நிறுவியது. ஆனால் மிகப் புனிதமானது அது அல்ல. பார்த்தனான் நின்ற அதே அக்ரோபோலிஸ் குன்றில் இருந்த, வானத்திலிருந்து விழுந்ததாக நம்பப்பட்ட, மரத்தாலான பழைய அதீனாவே புனிதத்தில் முதலிடம் பெற்றது. நகரமே திரண்டு கொண்டாடும் விழாவில் புதிதாக நெய்த ஆடை அவளுக்குத்தான் போனது.

பிற இடங்களைப் பாருங்கள். சாமோஸ் தீவில் ஹீராவின் தொன்மையான வடிவம் ஒரு பலகை. தெஸ்பியாயில் ஈராஸ், அதாவது காதல் கடவுள், செதுக்கப்படாத ஒரு கல். ஃபராயில் சதுரமாக வெட்டிய முப்பது கற்களுக்கு ஒவ்வொரு கடவுளின் பெயரையும் சூட்டி வணங்கினார்கள். ஸ்பார்ட்டாவுக்கு அருகே அமிக்ளாயில் அப்பல்லோ ஒரு வெண்கலத் தூண். அதற்கு முகமும் கைகளும் பாதங்களும் மட்டும் உண்டு. ஃபிகாலியாவின் குகையில் இருந்த கறுப்பு டிமீட்டருக்குப் பெண் உடலும் குதிரைத் தலையும். ஒரு கையில் டால்ஃபின், மறு கையில் புறா. இவற்றில் பெரும்பாலானவை பௌசானியஸ் தரும் செய்திகள். மேலும் அவர் சொல்வது: பழங்காலத்தில் கிரேக்கர் எல்லோருமே சிலைகளுக்குப் பதில் செதுக்காத கற்களைத்தான் வணங்கினார்கள்.

8. வெள்ளைப் பளிங்கு எப்படி வந்தது?

இனி நிறத்துக்கு வருவோம். கிரேக்கக் கடவுளர் என்றாலே வெள்ளை வெளேரென்ற உருவங்கள் நினைவுக்கு வருவதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

1. வண்ணம் அழிந்தது. கிரேக்கர்கள் பளிங்கைப் பூசாமல் விடவில்லை. உதடு, கண், முடி, ஆடைக்கரை எல்லாவற்றுக்கும் காவி, சாதிலிங்கம், எகிப்திய நீலம் முதலிய நிறமிகளைப் பூசினார்கள். வெயிலும் மழையும் மண்ணும் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. கி.மு. 480இல் பாரசீகர்கள் ஏதென்ஸின் அக்ரோபோலிஸை எரித்தபின், உடைந்த சிலைகளை மக்கள் அங்கேயே புதைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் தோண்டியபோது அவற்றில் வண்ணத் தடயங்கள் கண்ணுக்கே தெரிந்தன.

2. வெண்கலம் உருகியது. புகழ்பெற்ற மூலச்சிலைகளில் பல வெண்கலத்தால் ஆனவை. பிற்காலத்தார் உலோகத்துக்காக அவற்றை உருக்கிவிட்டனர். நாம் பார்ப்பவை பெரும்பாலும் ரோமானியர் காலத்தில் பளிங்கில் எடுத்த நகல்கள்.

3. வெண்மையை விரும்பிய ரசனை. 1764இல் பண்டைக் கலை வரலாற்றை வெளியிட்ட ஜெர்மானிய அறிஞர் விங்கெல்மன் முதலானோர் வெண்மையையே அழகின் உச்சமாகப் போற்றினார்கள். அந்த ரசனையின் விளைவாக எஞ்சிய பூச்சும் சுரண்டப்பட்டது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1937-38இல் பார்த்தனான் சிற்பங்களை வெண்மையாக்க உலோகக் கருவிகளால் தேய்த்தது பெரும் சர்ச்சையானது.

பண்டையோர் எப்படி நினைத்தார்கள் என்பதற்கு அவர்கள் எழுத்திலேயே சாட்சி உண்டு. யூரிபிடிஸின் ஹெலன், சிலையிலிருந்து வண்ணத்தைத் துடைப்பது போல் தன் அழகைத் துடைத்து அவலட்சணமாகிவிட முடியாதா என்று ஏங்குகிறாள். அவள் மனதில் வண்ணம் இழந்த சிலை என்பது அழகு இழந்த சிலை. தன் பளிங்குச் சிலைகளில் எது சிறந்தது என்று கேட்டபோது, ஓவியர் நிக்கியாஸ் கைவைத்தவையே என்று பிராக்சிடிலிஸ் சொன்னதாகப் பிளினி குறிப்பிடுகிறார்.

இன்றைய ஆய்வுக் கருவிகள் இதை உறுதி செய்கின்றன. எகிப்திய நீலத்தின் மேல் சாதாரண ஒளி பட்டால் அது அகச்சிவப்பு ஒளியை உமிழும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளையும் அதற்கேற்ற கேமரா பிடித்துவிடும். பார்த்தனானின் ஐரிஸ் தேவதைச் சிலையின் இடுப்புப் பட்டையில் அப்படி நீலம் கண்டுபிடிக்கப்பட்டதாக 2009இல் அறிவித்தார்கள். ஜெர்மானிய ஆய்வாளர் வின்சென்ஸ் பிரிங்க்மனும் குழுவினரும் இத்தகைய தடயங்களைக் கொண்டு வண்ணமிட்ட மறுவடிவங்களைச் செய்து 2003இல் மியூனிக்கில் காட்சிக்கு வைத்தார்கள். பலருக்கு அவை அடிக்கும் நிறங்களாகப் பட்டன. பூச்சின் அடர்த்தி, நிழல் நுணுக்கம் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. பூச்சு இருந்ததா என்பதில் இல்லை.

9. முடி நிறமும் தோல் நிறமும்

இணையச் சண்டைகளின் மையம் இதுதான் என்பதால் தனித்தனியாகப் பார்க்கலாம்.

முடியைப் பொறுத்தவரை சான்றுகள் முரண்படுகின்றன. டயோனிசஸுக்கான பழைய துதிப்பாடலில் அவன் முடி கருமை. யூரிபிடிஸ் நாடகத்தில் பெந்தியஸ் அதை மஞ்சள் என்கிறான். அப்பல்லோவைப் பிண்டார் பொன்முடியன் என்று பாடுகிறார். ஆனால் நாடகாசிரியர் சோஃபக்ளிஸ், கியோஸ் தீவில் ஒரு விருந்தில் பேசியதை உடனிருந்த கவிஞர் அயோன் பதிவு செய்திருக்கிறார்: கவிஞன் அப்பல்லோவைப் பொன்முடியன் என்று சொல்லலாம், ஓவியன் அந்த முடிக்குக் கறுப்பு பூசாமல் பொன் பூசினால் ஓவியம் கெட்டுவிடும். கவிதையில் பொன் என்பது ஒளி, மேன்மை, அழியாமை. அதை அப்படியே தூரிகைக்கு மாற்றக்கூடாது என்பது அக்காலத்தவருக்கே தெளிவாக இருந்தது.

தோல் நிறத்தில் இனத்தைத் தேடுவோர் கவனிக்க வேண்டியது, கிரேக்கக் கலையில் அது முதலில் ஆண், பெண் வேறுபாட்டைக் காட்டியது என்பதைத்தான். கருவுருவ மட்கலங்களில் ஆண் உடல்கள் கறுப்பாகவும் பெண் உடல்கள் வெள்ளைப் பூச்சாகவும் தீட்டப்பட்டன. சீயஸ் கறுப்பு, ஹீரா வெள்ளை. வெண்கை ஹீரா என்ற அடைமொழியும் வீட்டுக்குள் வாழும் உயர்குடிப் பெண்ணின் அடையாளம். ஆணுக்கு வெளுப்பு இழிவாகவும் கருதப்பட்டது. டயோனிசஸ் கேலிக்கு ஆளானது அதனால்தான். ஒடிசியில் அதீனா தன் கோலால் தொட்டு ஒடிசியஸைக் கிழட்டுப் பிச்சைக்காரத் தோற்றத்திலிருந்து மீண்டும் அழகனாக்கும்போது, அவன் தோல் மறுபடி கருமை அடைகிறது. ஹோமருக்கு அது அழகின் ஒரு கூறு.

கடவுளருக்கு மனிதர்கள் தங்கள் முகத்தையே கொடுக்கிறார்கள் என்பதையும் ஒரு கிரேக்கரே முதலில் எழுதினார். கொலஃபோன் நகரில் பிறந்த ஸீனோஃபனிஸ், கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பிறந்து 5ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தவர். எத்தியோப்பியரின் கடவுளர் சப்பை மூக்கும் கறுத்த நிறமும் உடையவர்கள், திரேசியரின் கடவுளர் நீலக் கண்ணும் செம்முடியும் உடையவர்கள் என்றார். மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் சிங்கங்களுக்கும் கைகள் இருந்து வரையத் தெரிந்தால், குதிரை குதிரையாகவும் மாடு மாடாகவுமே கடவுளை வரையும் என்றார். அவர் வாழ்ந்தபோது பார்த்தனான் கட்டப்படவில்லை, ஒலிம்பியாவின் சீயஸ் செய்யப்படவில்லை, நிடோஸின் அஃப்ரொடைட்டியைச் செதுக்கியவர் பிறக்கவே இல்லை.